அப்பாவின் மூச்சுக் குழாயும் ஓசோன் பெட்டியும்

கிருமி நீக்கும் ஓசோன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாஸ்க்கை அப்பா முகத்தில் வைத்த பத்து நிமிடத்துக்குள் கழற்றிவிட்டார். "ஒரு மாதிரி வாசனை அடிக்குதும்மா, தொண்டை எரியுது" என்றார். நான் வாங்கி முகர்ந்து பார்த்தேன். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. மின்னல் அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் ஒரு கூர்மையான வாடை வருமே, அதே வாடை. கிருமியெல்லாம் செத்துப்போனதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். "சுத்தமா இருக்குப்பா, அதான் அப்படி. பழகிடும்" என்று சொல்லித் திரும்பவும் போட வைத்தேன். மூன்று வாரம் அப்படியே போட வைத்தேன். இதை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த மூன்று வாரம்தான்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, ஸ்லீப் ஆப்னியா. அதற்காகச் சிபாப் எந்திரம் வைத்திருக்கிறார். எந்திரம் இரவு முழுக்கக் காற்றை லேசான அழுத்தத்தில் குழாய் வழியாக மாஸ்க்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துவிடாமல் அந்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும். காற்று வறண்டுபோகாமல் இருக்க எந்திரத்தோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. இதைப் போட ஆரம்பித்த ஒரே மாதத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது நின்றுபோனது. எங்களுக்குப் பழைய அப்பா திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

நான்காவது மாதம் அவருக்குச் சைனஸ் தொற்று வந்தது. மாத்திரையில் சரியாகி, ஆறு வாரத்தில் மறுபடியும் வந்தது. இரண்டாவது முறை போனபோது மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்திரத்தைச் சுத்தமா வெச்சுக்கிறீங்களா?" என்னிடம் சரியான பதில் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விட்டு அலசுவோம், தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவோம், அவ்வளவுதான் செய்துகொண்டிருந்தோம். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே லேசான ஆஸ்துமா வேறு. அன்று வீடு திரும்பும்போது, இரவு முழுவதும் எட்டு மணி நேரம் நானே அவர் நுரையீரலுக்குள் கிருமியை ஊதிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம்தான் மனதில் ஓடியது.

பயத்தோடு தேடினால் கண்ணில் படுவதெல்லாம் பயத்துக்கு ஏற்ற பொருளாகவே இருக்கும். சோப்பு போட்டுக் கழுவு என்று சொல்வதில் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. ஒளி, வாயு, 99.9 சதவீதம் என்றெல்லாம் எழுதியிருந்ததுதான் அப்பாவுக்காக ஏதோ பெரிதாகச் செய்கிற உணர்வைத் தந்தது.

முதலில் வாங்கியது கையில் பிடித்து ஆட்டும் ஒரு விளக்குக் குச்சி. பேட்டரியில் ஓடும், ஊதா நிறத்தில் அழகாக ஒளிரும். மாஸ்க்கின் மேல் பத்து விநாடி காட்டினால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு வாரம் பக்தியோடு காட்டினேன். அப்புறம் ஒரு நண்பர், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், புற ஊதா ஒளி பட்டால் நிறம் மாறும் சோதனை அட்டை ஒன்றைக் கொடுத்தார். குச்சியை அதன் மேல் ஐந்து நிமிடம் பிடித்தேன். நிறம் மாறவே இல்லை.

புற ஊதாவை அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ, 280 முதல் 315 வரை பி, 280-க்குக் கீழே சி. கிருமியை வேகமாகச் செயலிழக்க வைப்பது சி வகை. கிருமியின் டிஎன்ஏ மிக நன்றாக உறிஞ்சும் ஒளி 260, 265 நானோமீட்டரை ஒட்டியது. அந்த ஒளி பட்டதும் டிஎன்ஏ ஏணியில் பக்கத்துப் பக்கத்துப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கிருமியால் தன்னைப் பிரதி எடுக்க முடியாது. பெருக முடியாத கிருமியால் நோயும் உண்டாக்க முடியாது. சூரிய ஒளியிலும் சி வகை இருக்கிறது, ஆனால் மேலே இருக்கும் ஓசோன் படலம் அதை முழுக்கத் தடுத்துவிடுவதால் தரைக்கு வருவதில்லை. என் குச்சியில் இருந்தவை 400 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிரும் சாதாரண ஊதா எல்இடிகள். சோதனை அட்டை பார்த்தது சி வகையை மட்டும்தான்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சி வகை ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. பாதரச விளக்கில் நாம் பார்க்கும் வெளிர்நீலம், கூடவே வரும் வேறு ஒளி. ஆகவே "நல்லா ஊதாவா எரியுது" என்பது எதற்கும் சான்று ஆகாது. எந்த அலைநீளம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பாதரச விளக்கென்றால் 254, எல்இடி என்றால் 260-லிருந்து 280-க்குள் ஏதாவது ஓர் எண் இருக்கும். எண்ணே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

குச்சி ஏமாற்றிவிட்டது என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கம் பாய்ந்தேன். நிஜமான 254 நானோமீட்டர் பாதரச விளக்கு ஒன்றை வாங்கினேன், மூடி இல்லாதது. மேசையில் மாஸ்க், குழாய், தொட்டி எல்லாவற்றையும் பரப்பி, விளக்கைப் போட்டு, பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். கண்ணில் கூசவில்லை, தோலில் சூடும் தெரியவில்லை.

நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி வலி. இமையைத் திறந்தால் எரிச்சல், மூடினாலும் எரிச்சல். காலையில் கண் மருத்துவர் பார்த்துவிட்டு, "வெல்டிங் வேலை ஏதாவது பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார். கண்ணாடி போடாமல் வெல்டிங் செய்பவர்களுக்கு வரும் அதே காயம். விழியின் மேல்தோல் வெந்துபோவது. வலி உடனே வராது, சில மணி நேரம் கழித்துத்தான் வரும் என்பதால், நடந்துகொண்டிருக்கும்போது தெரியவே தெரியாது. இரண்டு நாளில் சரியானது. முழங்கைக்குக் கீழே தோல் ஒரு வாரம் சிவந்திருந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 254 நானோமீட்டர் ஒளிக்குக் கண்ணைப் பொறுத்தவரை பல வருடங்களாக வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு, எட்டு மணி நேரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல் (ஒளி கொண்டுவரும் ஆற்றலின் அளவு). சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிவாட் விழும் இடத்தில் நின்றால் அந்த வரம்பு ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே இடத்தில் ஒரு பொருளை வைத்தால், குடிநீரைப் புற ஊதாவால் சுத்திகரிக்கப் பரவலாக எடுத்துக்கொள்ளும் 40 மில்லிஜூல் அளவு சேர ஏழு நிமிடம் ஆகும். கிருமியை நம்பகமாக அடக்குவதற்கு வெகு முன்னாலேயே கண் வெந்துவிடும். திறந்த விளக்கை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மூடி திறந்ததும் தானாக அணையும் பெட்டிக்குள் இருந்தால் மட்டும் சரி. குழந்தைகள், வளர்ப்புப் பிராணிகள் இருக்கும் வீட்டில் அந்தத் தானியங்கிப் பூட்டு வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

சரி, அந்த விளக்கை மூட்டை கட்டினேன். அப்புறம்தான் ஓசோன் பெட்டி வந்தது.

விளம்பரம் சொன்ன காரணம் உண்மையிலேயே நியாயமாக இருந்தது. ஒளி நேர்க்கோட்டில்தான் போகும். சிபாப் குழாய் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம், உள்ளே முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும். வெளியே எவ்வளவு ஒளி காட்டினாலும் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகாது. வாயு என்றால் மடிப்புக்குள்ளும் நுழையும். ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்த வாயு. மூன்றாவது அணுவை எதன் மேலாவது இறக்கி வைத்துவிட எப்போதும் தயாராக இருக்கும். கிருமியின் வெளிச்சுவரில் இறக்கினால் சுவர் கிழியும். பெட்டியில் இருந்த விளக்கு 254-ஐயும் 185 நானோமீட்டரையும் சேர்த்து வெளியிடும் வகை. 185 காற்றிலுள்ள ஆக்சிஜனை உடைத்து ஓசோனை உண்டாக்கும். விந்தை என்னவென்றால், அதே விளக்கின் 254 அந்த ஓசோனில் ஒரு பங்கைத் திரும்ப உடைத்தும் விடும். இந்தக் கதையை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். மேலே வானத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, மூக்குக்குப் பக்கத்தில் வந்தால் சுவாசக் குழாயைப் புண்ணாக்குகிறது.

தினமும் காலையில் மாஸ்க்கையும் குழாயையும் பெட்டிக்குள் வைப்பேன். அரை மணி நேரம் ஓடும். ஓடி முடித்தபின் இரண்டு மணி நேரம் மூடியே வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. சில நாள் மறந்துபோய்ச் சாயங்காலம் ஓட்டினேன், அரை மணி நேரம் ஆறவிட்டால் போதும் என்று எடுத்துக் கொடுத்தேன். முதல் வாரமே அப்பா இருமினார். இரண்டாவது வாரம், வழக்கமாக வாரத்துக்கு ஒருநாள் எடுக்கும் இன்ஹேலரைத் தினமும் எடுத்தார். நான் அதைத் தொற்று திரும்ப வருகிறதோ என்று பயந்து, பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓட்ட ஆரம்பித்தேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. என் பயம் அவருடைய இருமலுக்குத் தப்பான அர்த்தம் கொடுத்து, அந்த இருமலையே கூட்டியது.

அப்பா ஒருநாள் எனக்குத் தெரியாமல் மாஸ்க்கைப் போடாமல் படுத்தார். எந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிவாகும், அதில்தான் பார்த்தேன். சண்டை போடப் போனேன். "போட்டா மூச்சு இறுக்குதும்மா, போடலைன்னா நல்லா இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. பெட்டியை அன்றே நிறுத்தினேன். நான்கைந்து நாளில் இருமல் நின்றது.

ஓசோன் என்ற பெயரே வாடையிலிருந்து வந்ததுதான். 1839-ல் அதைக் கண்டறிந்த வேதியியலாளர் ஷோன்பைன், முகர்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். நம் மூக்கு அதை மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும், ஆனால் சீக்கிரம் பழகியும்விடும். அதனால் "இப்போ வாசனை இல்லை" என்பதை நம்ப முடியாது. வீட்டுக்குள் வைக்கும் மருத்துவக் கருவி வெளியிடும் ஓசோன் காற்றில் 0.05 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏவின் விதி. அதாவது இரண்டு கோடியில் ஒரு பங்கு. கிருமியைக் கொல்லும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆக, ஓசோன் வேலை செய்கிற அளவில் இருந்தால் மூச்சுக்கு ஆபத்து, மூச்சுக்கு ஆபத்தில்லாத அளவில் இருந்தால் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் வசதியான இடம் எதுவும் இல்லை. காற்றைச் சுத்தம் செய்வதாக விற்கும் ஓசோன் கருவிகள் பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதே விஷயம்தான்.

2020 பிப்ரவரியில் எஃப்டிஏ, சிபாப் கருவிகளை ஓசோனாலும் புற ஊதாவாலும் சுத்தம் செய்வதாக விற்கப்படும் பெட்டிகளைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டிருக்கிறது. இருமல், மூச்சுத் திணறல், மூக்கெரிச்சல், தலைவலி, ஆஸ்துமா என்று பயனாளர்கள் புகார் செய்ததை அதில் வாசித்தபோது என் வீட்டுக் கதையை வேறு யாரோ எழுதியது போல இருந்தது.

எந்திரத்தை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று தூக்க ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டெக்னீஷியன் பெண், பேசிக்கொண்டே தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, கையுறை போட்ட விரலை உள்ளே ஒரு மூலையில் தேய்த்து எடுத்தார். "தொட்டுப் பாருங்க மேடம்" என்றார். வழவழவென்று இருந்தது, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிசுபிசுப்பு. "தினமும் பெட்டியில வைக்கிறேனே" என்றேன். "இதைப் பெட்டி எடுக்காது, விரல்தான் எடுக்கும்" என்றார்.

எல்லாமே எனக்கு அந்த இடத்தில்தான் திரும்பியது. ஈரம் தங்கும் எந்த இடத்திலும் கிருமிகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. தாங்களே சுரக்கும் பசையால் ஒரு கூடாரம் போட்டு, அதற்குள் கூட்டமாக வாழும். ஒளி வந்தால் மேல் அடுக்கு வாங்கிக்கொள்ளும், அடியில் இருப்பவை பத்திரமாக இருக்கும். ஓசோன் வந்தால் அந்தப் பசையிலேயே தன் வேகத்தையெல்லாம் செலவழித்துவிடும். மாஸ்க்கின் ஓரத்தில் படியும் முகத்து எண்ணெய், உலர்ந்த எச்சில், தண்ணீரின் உப்புக்கறை எல்லாமே கிருமிக்குக் குடை பிடிப்பவை. சோப்பு அந்த எண்ணெயைக் கழற்றும், விரலும் தூரிகையும் கூடாரத்தைப் பிய்க்கும், ஓடும் தண்ணீர் மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போகும். மருத்துவமனைகளில் கருவிகளைக் கையாள்பவர்கள் முதலில் கற்பது இதைத்தான்: அழுக்கோடு இருக்கும் பொருளைக் கிருமிநீக்கம் செய்ய முடியாது, கழுவிய பிறகுதான் மற்றதெல்லாம். நான் கழுவுவதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்துகொண்டிருந்தேன். பெட்டி வந்த பிறகு சோப்பைத் தொட்ட நாட்கள் இன்னும் குறைந்துபோனதுதான் உண்மை.

பெட்டி கெடுத்த பொருட்களையும் அவர் காட்டினார். மாஸ்க்கின் பட்டை இழுவை போய்த் தொளதொளவென்று இருந்தது. ஓசோனுக்கு ரப்பர் என்றால் ஆகாது, இழுத்துக் கட்டிய ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். சிலிகானும் கண்ணாடியும் ஓரளவு தாங்கும். குழாய் மஞ்சளாகியிருந்தது, அது புற ஊதாவின் கைவரிசை. பிளாஸ்டிக்கை நாளடைவில் நொறுங்க வைக்கும். 2021-ல் ஒரு பெரிய நிறுவனம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதைவதால் லட்சக்கணக்கான சுவாசக் கருவிகளைத் திரும்ப அழைத்தது. ஓசோன் மாதிரியான, அனுமதிக்கப்படாத சுத்தம் செய்யும் முறைகள் அந்தச் சிதைவை அதிகமாக்கக்கூடும் என்று அப்போது அது எச்சரித்தது. நம் கண்ணுக்குத் தெரியாத உள்பாகத்தில் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருந்தபடி யாரும் பார்க்க முடியாது. அதனால், எந்திரத்தோடு வந்த கையேட்டில் ஓசோன் கூடாது என்று இருந்தால், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் புற ஊதாவே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான இடத்தில் அது அருமையான கருவி. சூரிய ஒளி நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கும் என்று டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது 1877-ல். இன்று பல பெரிய நகரங்களின் குடிநீர் புற ஊதா விளக்குகளைத் தாண்டித்தான் வருகிறது. ஓசோனும் அப்படியே, பிரான்சில் நீஸ் நகரம் 1906-லேயே குடிநீருக்கு அதைப் பயன்படுத்தியது. தண்ணீர் வடிகட்டித் தெளிவாக்கப்பட்டு, அளந்த அளவு கொடுக்கப்பட்டு, மீந்த வாயு வெளியேற்றப்பட்டு, எல்லாவற்றையும் கண்காணிக்க ஆள் இருக்கும் இடம் அது. மருத்துவமனை அறைகளுக்கும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் நடந்து 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு நோயாளி போனபின் அறையை வழக்கம்போலக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, அதன் மேல் புற ஊதா எந்திரத்தையும் ஓட்டியபோது, அடுத்து வந்த நோயாளிகளுக்கு மருந்துக்கு அடங்காத கிருமிகள் தொற்றுவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அங்கேயும் துடைத்த பிறகுதான் ஒளி. பயிற்சி பெற்றவர்கள், அளந்த ஒளி, காலியான அறை எல்லாம் இருந்தும் 30 சதவீதம் என்றால், வீட்டுப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 99.9 என்ற எண்ணை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்த 99.9 பொய் இல்லை, வேறு கேள்விக்கான பதில். பரந்த, வழவழப்பான, சுத்தமான பரப்பில், விளக்குக்கு நேர் கீழே, ஒரு குறிப்பிட்ட கிருமியை வைத்துச் சோதித்தால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும் என்பதே அதன் பொருள். பொருளைத் திருப்பி வைத்தால் நிழல் விழும். நிழல் விழுந்த இடத்துக்குப் பூஜ்யம்தான். தூரம் கூடினால் ஒளி வேகமாகக் குறையும். விளக்கின் மேல் விரல் ரேகை எண்ணெய் படிந்தாலே ஒளி மங்கும். பழைய விளக்கு கண்ணுக்கு நன்றாக எரிவது போலத் தெரியும், சி வகை ஒளி மட்டும் குறைந்துபோயிருக்கும். எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி மடங்குவதும் இல்லை. விதை போல உறை போர்த்திக்கொண்டு கிடக்கும் வகைகளுக்கும் அடினோவைரஸ் போன்ற சில வைரஸ்களுக்கும் பல மடங்கு ஒளி வேண்டும்.

ஆகவே, புற ஊதாவை நான் முழுக்கக் கைவிடவில்லை. ஓசோன் வராத விளக்கு போட்ட, மூடியைத் திறந்தால் அணையும் வேறொரு சின்னப் பெட்டியை வைத்திருக்கிறேன். கைபேசி, மூக்குக்கண்ணாடி, சாவி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகியவை அதில் போகும். தண்ணீரில் முக்க முடியாதவை, தட்டையானவை, பலர் கை படுபவை. முதலில் துடைத்துவிட்டு, ஒரு பக்கம் ஓட்டி, திருப்பிப் போட்டு மறுபக்கம். விளக்கு வாங்கும்போது "ஓசோன் இல்லாதது" என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். விளக்கின் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒரு சேர்மானம் போட்டு 185-ஐ வெளியே விடாமல் செய்திருப்பார்கள். பெட்டியின் உட்புறம் பளபளப்பான அலுமினியமாக இருந்தால் நல்லது, ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். வெள்ளைப் பூச்சு நம் கண்ணுக்குத்தான் வெள்ளை, இந்த ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். விளக்கு உடைந்தால் பாதரசம் சிதறும். சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி, கொஞ்ச நேரம் கழித்து வந்து அட்டையால் கூட்டி எடுக்க வேண்டும். துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ எடுக்கக் கூடாது.

அப்பாவின் மாஸ்க், குழாய், தொட்டி மூன்றும் அந்தப் பெட்டிக்குள் போவதே இல்லை. காலையில் அவர் எழுந்ததும் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுவார். மேலே மேலே ஊற்றுவது நின்றுவிட்டது, நாங்கள் செய்த தப்புகளில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன். மாஸ்க்கின் மெத்தையை மட்டும் கழற்றி, வாசனை இல்லாத மிதமான சோப்பு நீரில் விரலால் தேய்த்து அலசி வைப்பார். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, குழாய், பட்டை, தொட்டி எல்லாம் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறும். குழாய்க்கென்று நீளமான தூரிகை இருக்கிறது. கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். வெயிலிலும் காயப்போட வேண்டாம், நிழலில் தொங்கவிட்டால் போதும். தொட்டியில் வெள்ளைக் கறை தெரிந்தால் கையேட்டில் சொன்ன அளவில் வினிகர் கலந்து ஊறவைத்து அலசுகிறோம். இரவு ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். காற்று உள்ளே போகும் வடிகட்டியை முன்பு நான் திறந்து பார்த்ததே கிடையாது. முதல் தடவை கழற்றியபோது சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. இப்போது மாதம் ஒன்று மாற்றுகிறோம்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் கை கழுவுகிறோம். சுத்தம் செய்த மாஸ்க்கை அழுக்குக் கையால் எடுத்து மாட்டினால் அதுவரை செய்த வேலை வீண்.

யாராவது இந்த மாதிரிப் பெட்டி வாங்கலாமா என்று கேட்டால், வீட்டில் ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சுக் கோளாறோ யாருக்காவது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். இருந்தால் ஓசோன் வரும் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். மாஸ்க்கில் புது வாடை வந்தால், மாட்டியதும் இருமல் வந்தால், அதைப் பழக்கமாகட்டும் என்று விடாதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். போட்டுக்கொள்பவர் சொல்வதை நம்புங்கள். என் அப்பா முதல் நாளே சொன்னார்.

அவருக்கு அதன் பிறகு சைனஸ் தொற்று ஒருமுறை வந்தது, குளிர் நாளில், வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்திருந்த வாரத்தில். அப்போது எனக்குப் பழைய பயம் எட்டிப் பார்த்தது. எழுந்து போய்த் தொட்டியைத் திறந்து, மூலையில் விரலால் தேய்த்துப் பார்த்தேன். கீச்சென்று சத்தம் வந்தது. மூடி வைத்துவிட்டு, மருந்து எத்தனை மணிக்கு என்று பார்க்கப் போனேன்.